பூவைக் குறைக்காதே, ஆட்டோவைக் குறை

மாசம் இருபதாம் தேதி தாண்டினதும் நீ முதல்ல எதை நிறுத்தறே, சொல்லு பார்ப்போம். தலையில வைக்கற பூவை. அடுத்தது உன் சாயங்காலக் காபி. அப்புறம், பிள்ளைகளை ஞாயித்துக்கிழமை வெளியே கூட்டிட்டுப் போறது. ஆனா நேரமாச்சுன்னு ஏறின ஆட்டோ, பசி தாங்காம வாங்கின பஜ்ஜிப் பொட்டலம், கோயில் வாசல்ல பிள்ளை அழுதுதுன்னு வாங்கிக் கொடுத்து வீடு வந்து சேர்றதுக்குள்ள உடைஞ்ச பொம்மை, இதெல்லாம் அந்த மாசமும் நடந்துதான் இருக்கும். அதையெல்லாம் நீ நோட்டுல எழுதறதில்லை, அதனால கண்ணுல படறதில்லை. இறுக்கிப் பிடிச்சுக் குடும்பம் நடத்தற பெண்கள் பண்ணற பெரிய தப்பு இதுதான் தங்கச்சி. மனசுக்குப் பிடிச்சதை வெட்டிடறோம், முன்யோசனை இல்லாததுக்கு மட்டும் தண்டம் கட்டிக்கிட்டே இருக்கோம்.

நீ இருக்கறது திருச்சியில. ரெண்டு ஆறு, நடுவுல ஒரு தீவு, தீவுக்குள்ள ஏழு பிராகாரத்தோட ஒரு கோயில், டவுன் நடுவுல ஒரு மலை. இதைப் பார்க்க எவனும் உன்கிட்ட பெரிய டிக்கெட் கேக்கலை. காசு போறதெல்லாம் அவசரத்துலயும் பசியிலயும்தான். அதைத் தடுத்துட்டா மாசத்துக்கு நாலு நல்ல நாள் தன்னால கிடைக்கும். வேலை நடுவுல படிக்கற மாதிரி சொல்றேன்.

1. முதல் தேதியே எடுத்து வை

வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிச்சமிருந்தா பார்த்துக்கலாம்னு நினைச்சா, அந்த மிச்சம் வரவே வராது. சம்பளம் வந்த அன்னைக்கே இருநூறோ முந்நூறோ, முடிஞ்சதை, பத்து இருபது ரூபாய் நோட்டா மாத்தி ஒரு டப்பாவுல போடு. ஒரே ஐநூறு ரூபாய் நோட்டா வைக்காதே. அதை மாத்தின உடனே மிச்சம் எங்கே போச்சுன்னு தெரியாது. இந்தச் செலவுக்கு ஃபோனை நீட்டி ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், கையால எடுத்துக் கொடுத்தாத்தான் குறையறது உறைக்கும். டப்பாவை அடுப்படியில வைக்காதே. அங்கே வெச்சா பால்காரர் கணக்குக்குப் போயிடும்.

மகளிர் உரிமைத் தொகை வாங்கறவளா நீ? 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச திட்டம், மாசம் 1,000 ரூபாய், உன் பேர்ல, உன் கணக்குல விழுது. அதுல நூறை மட்டும் உனக்குன்னு ஒதுக்கு. மிச்ச தொள்ளாயிரம் வீட்டுக்குப் போகட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த நூறுக்கு யார்கிட்டயும் கணக்குச் சொல்லாதே, நீயா எடுத்துப் பிள்ளைக்குப் பென்சில் பாக்ஸ் வாங்கிடவும் செய்யாதே. உன்னைத்தான் சொல்றேன், கேக்குதா?

2. பஸ்ஸுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் நில்லு

2021 மே 8ல இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இது உனக்கும் தெரியும். ஆனா நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. தனியார் டவுன் பஸ் நிறைய. அவன்தான் பாட்டைப் போட்டுக்கிட்டு முதல்ல வந்து நிப்பான், நீயும் ஓடிப்போய் ஏறிடுவே. போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், கூட அம்மா, பொண்ணுன்னா இன்னும் மேல. வண்டி முன்பக்கத்தைப் பார்த்து ஏறு. ஸ்ரீரங்கத்துக்கு 1ஆம் நம்பர் அடிக்கடி வரும், சத்திரத்துல நின்னா ரொம்ப நேரம் காக்க வேண்டாம்.

ஆட்டோவை அடியோட விடுன்னு சொல்லலை. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறப்ப, ராத்திரி லேட்டாகறப்ப வெச்சுக்கோ. லேட்டாக் கிளம்பினதுக்கு வெச்சுக்காதே.

3. வெளியே போறதுக்கு முன்னாடி சாப்பாட்டைக் கட்டு

ஒரு பைசா டிக்கெட் இல்லாத இடத்துக்குப் போயிட்டு வந்தும் ஐநூறு ரூபாய் காலின்னா, அவ்வளவும் போனது வாய்க்குத்தான். பிள்ளைகள் வெளியே போனதும் கேக்கறது பசியால பாதி, பார்த்ததால பாதி. பசி பாதியை வீட்டுலயே தீர்த்துடு.

தயிர் சாதம் கலக்கறதுல நிறையப் பேர் கோட்டை விடறாங்க. காலையில தயிரைக் கொட்டிக் கலந்தா மத்தியானம் புளிச்சுப் போய் யாரும் தொட மாட்டாங்க. சாதத்தை நல்லாக் குழைய வடிச்சு, சூடா இருக்கறப்பவே கரண்டியால மசிச்சு, பாலை விட்டுத் தளதளன்னு கலந்துக்கோ. கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளிச்சுக் கொட்டி மூடிடு. நீ சாப்பிட உக்கார்ற நேரத்துல அது டப்பாவுக்குள்ளயே உறைஞ்சு தயிர் சாதமா இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கிளறி வெச்சுக்கிட்டா, வேகவெச்ச சாதத்துல பிசைஞ்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பப் பத்து நிமிஷம் போதும். தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு. இதை மறந்துட்டு அங்கே போய் வாங்கறதுதான் எனக்குக் கோபம் வர்ற விஷயம்.

என்னைக்காவது கட்ட முடியலைன்னா வெட்கப்படாதே. ஸ்ரீரங்கம் கோயில்ல 2012ல இருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. எல்லாரும் வரிசையில உக்காந்து சாப்பிடற இடம், அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

4. கோயிலுக்குத் தேதி பார்த்துப் போ

வேலூர்லயும் கரூர்லயும் இருந்து வண்டி வெச்சு வர்றவங்க ஒரு நாள்ல பார்த்துட்டு ஓடணும். உனக்கு அந்த அவசரம் எதுக்கு? சனிக்கிழமை காலையில முண்டியடிச்சுக்கிட்டுப் போய், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, கட்டண வரிசைக்குச் சீட்டு வாங்கறது உள்ளூர்க்காரிக்கு அழகில்லை. சாதாரண வார நாள் சாயங்காலம் போ, தர்ம தரிசனமே சீக்கிரம் நகரும்.

பெரிய பெருமாள் சன்னதி வரிசையில நின்னாத்தான் ஸ்ரீரங்கம் போனதா அர்த்தம்னு நினைக்காதே. சேஷராயர் மண்டபத்துல பாயற குதிரைங்க ஒவ்வொண்ணும் ஒரே கல்லுல நிக்குது, அதுக்குக் கீழே சின்னச் சின்ன மனுஷங்க வேல் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. பையனை ஒரு தூண்கிட்ட நிறுத்தி, “இதுல எத்தனை பேர் இருக்காங்க, எண்ணிச் சொல்லு”ன்னு விடு. அரை மணி நேரம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டான். தாயார் சன்னதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம், ராமாயணம் அரங்கேறின இடம்னு சொல்ற மண்டபம், அங்கே உக்காந்து பெரிய பொண்ணுக்குக் கதை சொல்லு. கோபுரம் மொத்தம் 21, அதையும் எண்ணச் சொல்லலாம். 236 அடி ராஜகோபுரம் பல நூறு வருஷம் மொட்டையா நின்னு, 1987லதான் முழுசா எழும்பி கும்பாபிஷேகம் ஆச்சு. வீட்டுல பெரியவங்க இருந்தா அந்த மொட்டைக் கோபுரக் காலத்தைச் சொல்லச் சொல்லு, அவங்களுக்கும் பொழுது போகும்.

கோடையில பத்து மணிக்கு மேல போகாதே. கல்லு சுடும், பிள்ளை அழும், அதைச் சமாதானப்படுத்த ஜூஸ் கடைக்குப் போவே. செலவு ஆரம்பிக்கறதே அந்தச் சூட்டுலதான்.

உற்சவம் பார்க்கத் தேதி தெரிஞ்சா போதும். சித்திரைத் தேருக்கு சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்க வண்டி வண்டியா வந்து இறங்குவாங்க, சித்திரை வீதியில ஒரு ஓரமா நின்னாலே திருவிழா உன்கிட்ட வரும். ஆடியில நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாயாருக்குச் சீர் அனுப்பறதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டு. பங்குனியில அவர் உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் போற நாளும் உண்டு. திருவானைக்காவல்ல மத்தியான பூஜைக்கு அர்ச்சகர் புடவை உடுத்திக்கிட்டு வருவார், அம்மனே வந்து சிவனைப் பூஜிக்கறதா ஐதீகம். தினமும் நடக்குது, ஆனா பக்கத்துத் தெருவுல இருக்கறவங்கள்ல எத்தனையோ பேர் பார்த்ததில்லை. லீவு நாள்ல ஒரு தடவை போய்ட்டு வா.

வைகுண்ட ஏகாதசி அன்னைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு விடியக்காலைல கூட்டத்துக்குள்ள போகாதே, கெஞ்சிக் கேக்கறேன். அன்னைக்கு ஆரம்பிக்கற ராப்பத்து நாள்கள்லயும் பரமபத வாசல் திறப்பாங்க. என்ன நேரம்னு முன்னாடியே விசாரிச்சு, கூட்டம் குறைஞ்ச ஒரு நாள் போய் நிதானமாச் சேவிச்சுட்டு வா.

5. மலைக்கோட்டை

நானூறுக்கு மேல படி. வெறும் வயித்தோட ஏறாதே, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏற ஆரம்பி. நடுவுல தாயுமானவர் சன்னதியில உக்காந்து மூச்சு வாங்கிக்கோ. உச்சிப் பிள்ளையார்கிட்ட நின்னா ரெண்டு ஆறும் பாலமும் ராஜகோபுரமும் ஒரே பார்வையில தெரியும், காத்து சும்மா வரும். இறங்கறப்ப சின்னக் கடை வீதிப் பக்கம் திரும்பாதே. “சும்மா பார்க்கலாம்”னு போய்க் கவரிங் வளையலோட வராத பொண்ணை நான் பார்த்ததில்லை. அதே சுத்துவட்டாரத்துல ராணி மங்கம்மாள் மஹால்ல அரசு மியூசியம் இருக்கு, டிக்கெட் சொற்பம். வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துட்டு வராதே, அன்னைக்கு லீவு.

6. ஆறு

தண்ணி வந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டதும் முக்கொம்புக்குப் போற ஜனத்துல நீயும் ஒருத்தியா இரு. மேட்டூரை வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, சில நாள்ல இங்கே காவிரி நிறம் மாறும். அம்மா மண்டபம் படியில உக்காந்து காலை நனைச்சுக்கிட்டு இருந்தா அதுவே ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

ஆனா ஒண்ணு. படியை விட்டு இறங்கி ஆழத்துல குளிக்க யாரையும் விடாதே. மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்குன்னு தண்ணிக்கு மேல தெரியாது. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களையே இழுத்திருக்கு. “அப்பா கூட இருக்கார்ல”ன்னு அசட்டையா இருக்காதே, கையைப் பிடிச்சுக்கோ.

சின்னப் பிள்ளைங்க இருந்தா ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கு. 2015ல திறந்தது, 25 ஏக்கர். காலை வெயில்ல போனாத்தான் பூச்சி பறக்கும். உச்சி வேளையில போனா வெறும் செடியைப் பார்த்துட்டு வரணும்.

7. பூ

இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூ வேணும்.

வாசல்ல முழம் போட்டு விக்கறதை தினமும் வாங்கினாத்தான் கை சுடும். சாத்தார வீதி பூ மார்க்கெட்டுல உதிரியா வாங்கு. பக்கத்து வீட்டு ரெண்டு பேரோட சேர்ந்து கால் கிலோ எடுத்துப் பங்கு போட்டுக்கோ. முகூர்த்த நாளும், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சாயங்காலமும் போகாதே, விலை ஏறியிருக்கும். வெயில் காலம் மல்லி மலிவு. மார்கழி, தையில பனி விழுந்து வரத்து குறைஞ்சு விலை எங்கேயோ போயிடும், அப்ப மல்லிதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்காம ஒரு கொத்து மரிக்கொழுந்தும் செவ்வந்தியும் போதும்னு இரு.

கட்டத் தெரியாதுன்னு சொல்லாதே. வாழை நாரை நனைச்சு மெல்லிசாக் கிழிச்சுக்கோ, காஞ்ச நார் மொட்டை அறுத்துடும். ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், காம்பு காம்பைத் தொடணும். நாரை ஒரு சுத்துச் சுத்தி, விரல்ல வளையம் போட்டு, காம்பு மேல மாட்டி இழு. முதல் ரெண்டு சரம் கோணலாத்தான் வரும், அதைச் சாமிக்குப் போட்டுடு, அவர் குத்தம் சொல்ல மாட்டார். கட்டினதை ஈரத்துணியில சுத்தி எவர்சில்வர் டப்பாவுல மூடினா மறுநாளும் வாசனை போகாது. பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகிடும்.

8. வாழையைக் கொண்டாடு

தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம்ம ஊர்லதான் இருக்கு, 1993ல வந்தது. ஆனா நீ ஆப்பிள் வாங்கிக் கொடுத்தாத்தான் பிள்ளைக்குச் சத்துன்னு நினைக்கறே. ஏலரிசி விலை ஏறினா பூவன் வாங்கு, தோல் கறுத்துக் கனிஞ்ச கற்பூரவல்லியை மலிவாத் தந்தா யோசிக்காம வாங்கிப் பணியாரம் சுடு. மொந்தன் காயில கறி பண்ணிட்டுத் தோலைத் தூக்கிப் போடாதே. பொடியா நறுக்கி உளுத்தம்பருப்பு, மிளகாயோட வதக்கித் துவையல் அரை. ஒரே காய்ல ரெண்டு பதார்த்தம்.

வாழைப்பூவும் தண்டும் வாங்க மாட்டேங்கறே, ஏன்னு எனக்குத் தெரியும், நேரம். தனியா உக்காந்து ஆயாதே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முறத்தை நடுவுல வெச்சு எல்லாரையும் உக்கார வை. பூவுக்கு நடுவுல தலை தடிச்ச ஒரு நரம்பு நிக்கும் பாரு, அதான் கள்ளன், அது வேகாது. அதைப் பிடுங்கற வேலை பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டை வட்டமா நறுக்கறப்ப வர்ற நாரை விரல்ல சுத்தி எடுத்துட்டு, மோர்த் தண்ணியில போட்டா கறுக்காது. வேலையும் முடியும், ஒரு வாரமாப் பேசாத பேச்செல்லாமும் வெளியே வரும்.

காய்கறிக்குத் தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போ. விலை போர்டைப் படிச்சுட்டு உள்ளே நட. போர்டைப் பார்க்காம வாங்கிட்டு அப்புறம் புலம்பாதே.

9. நூலக வரி நீயும்தான் கட்டறே

1948லயே நம்ம மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. அதுபடி வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்து வசூலிக்கறாங்க. வாடகை வீடா இருந்தாலும் அந்தக் காசு உன் வாடகைக்குள்ள இருக்கு. கட்டின காசுக்குப் புத்தகம் எடுக்காம இருக்கறது எந்தக் கணக்கு? மாவட்ட மைய நூலகம் தூரம்னா பக்கத்துக் கிளை நூலகத்துல உறுப்பினர் ஆகிடு. பிள்ளைக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. எடுத்துட்டு வந்து டிவி மேல வைக்காதே, தலைமாட்டுல வை.

சமையல் பண்ணறப்ப திருச்சி வானொலியைப் போடு. 1939 மே 16ல இருந்து பேசிக்கிட்டு இருக்கற நிலையம். டேட்டாவும் போகாது, கண்ணும் கெடாது, கையும் ஓடும்.

10. மீட்டரைப் பாரு

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கறாங்க. முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை. ஆனா 500ஐத் தாண்டினா, 101ல இருந்து 200 வரைக்குமான குறைஞ்ச ரேட் உனக்குக் கிடைக்காது. 498க்கும் 503க்கும் அஞ்சே யூனிட்தான், பில்லுல இருநூறு ரூபாய்க்கு மேல வித்தியாசம் வரும். மாசக் கடைசியில ஒரு நாள் மீட்டரை எட்டிப் பார்த்து எழுதி வை. 500ஐ நெருங்கினா அயர்ன் பாக்ஸை நாலு நாள் ஓரம் கட்டு.

11. பண்டிகைக்குக் கடன் வாங்காதே

தீபாவளிக்கு முன்னாடி குழுக் கடன் தர்றோம்னு வீட்டு வாசலுக்கே வருவாங்க. கையெழுத்து சுலபம். அப்புறம் வாரா வாரம் அந்தத் தவணை நாள் வந்தாலே வயித்தைக் கலக்கும், யாராவது ஒருத்தி கட்டலைன்னா குழுவே உன் மேல பாயும். ரெண்டு நாள் பட்டுப்பாவாடைக்கு ஒரு வருஷ நிம்மதியைக் கொடுக்காதே. போஸ்ட் ஆபீஸ்ல மாசம் நூறு ரூபாய்ல இருந்து ஆர்.டி. ஆரம்பிக்கலாம், அது அஞ்சு வருஷக் கணக்கு, பெரிய ஆசைக்கு வெச்சுக்கோ. தீபாவளித் துணிக்கு ஆடித் தள்ளுபடியிலேயே ஒவ்வொண்ணா எடு. தெருவுல சீட்டுப் பிடிக்கறவங்ககிட்ட ரசீது இல்லாம ஒத்தை ரூபாய் கொடுக்காதே, சொந்தக்காரரா இருந்தாலும்.

12. இந்த ஞாயிறுக்கே தொடங்கு

சனி ராத்திரியே புளிக்காய்ச்சலும் தண்ணி பாட்டிலும் ரெடி. காலையில ஏழரைக்கெல்லாம் பஸ் ஏறு. உனக்கும் பொண்ணுக்கும் டிக்கெட் இல்லை, வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் மட்டும். தாயார் சன்னதி, குதிரை மண்டபம், கூட்டம் இல்லைன்னா பெருமாள். வெயில் ஏறறதுக்குள்ள அம்மா மண்டபம், நிழல்ல உக்காந்து சாப்பாடு. பொம்மைக் கடைப் பக்கம் வர்றப்ப பிள்ளைங்ககிட்ட முன்னாடியே பேசி வை: “பொம்மையா, ஐஸ்கிரீமா, ஒண்ணுதான்.” அவங்களையே முடிவு பண்ண விட்டா அழ மாட்டாங்க. ஐஸ்கிரீம்னு சொன்னா, திரும்பற வழியில மெயின்கார்டுகேட்டுல இறங்கி மைக்கேல் கடையில ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடு. “எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க”ன்னு சொல்லிக்கிட்டு நீ மட்டும் ஓரமா நிக்காதே. நாலு பேர் போனா நாலு கப்பு.